ஆம்ப் இல்லாத பத்து மாதங்கள்

சாய் கிருஷ்ணா டெங்குவில் இறந்துபோய் இரண்டு மாதம் கழித்துத்தான் மதுவந்தி தம்பியின் கிடாரை உறையிலிருந்து எடுத்தாள். கம்பிகளில் துரு ஏறியிருந்தது.

அவன் போய் ஒரு வருஷம் முடிகிற மறுவாரம், பக்கத்துப் பேட்டையான பெஹாலாவில் ஒரு குளிர்கால விழா. அவனுடைய இசைக்குழு அவன் போட்ட பாட்டை வாசிக்கப் போகிறது. நடுவில் கிடார் தனித்து வரும் லீடை மட்டும் அவன் பதிவிலிருந்தே ஒலிபெருக்கியில் விடலாம் என்றார்கள். மது தலையை ஆட்டி மறுத்தாள். ஆளில்லாத இடத்திலிருந்து அவன் வாசிப்பு வருவதா?

"நான் வாசிக்கறேன். அவன் மாதிரியே" என்று சொல்லிவிட்டாள். கல்லூரி நாளில் ரிதம் கிடார் வாசித்ததோடு சரி. லீட் பக்கம் போனதே இல்லை.

அம்மா வத்சலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வருஷாப்திகம் ஆகற வரைக்கும் ஆத்துல பாட்டுச் சத்தம் கூடாதுடி. தீபாவளி, பொங்கலே கிடையாது, இது மட்டும் எதுக்கு?"

அதனால் ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்பில் செருகாமலே வாசித்தாள். அப்படி வாசித்தால் எலக்ட்ரிக் கிடார் கொசு ரீங்கரிக்கிற அளவுதான் கேட்கும். அவனைக் கொன்றதும் ஒரு கொசுதானே என்ற எண்ணம் வந்த அன்று மது வாசிப்பதை நிறுத்திவிட்டாள். மறுநாள் மறுபடி உட்கார்ந்தாள்.

காளிகாட் வீட்டின் பின்னறையில், வங்கி வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம். ஐந்து சுரம் கொண்ட ஒரே ஸ்கேலைக் கழுத்துப் பலகையின் ஐந்து இடங்களில் மேலும் கீழுமாக ஓட்டினாள். தாளம் தட்டும் மெட்ரனோமை நிமிடத்துக்கு அறுபது தட்டில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் கூட்டினாள். சரியாகக் கேட்காததால் அழுத்தி மீட்டினாள். விரல்நுனி உரிந்தது, பிறகு காய்த்தது. பத்தாம் மாதம், சாயின் வேகமான நூற்றைம்பதைத் தொட்டாள். அன்றைக்கு அவன் புகைப்படத்தைப் பார்க்காமலே கடந்து போனாள். பார்த்தால் பெருமை அடித்துக்கொள்வது போலிருக்கும் என்று பட்டது.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் டாலிகஞ்சில் ஒத்திகை. முதல் தடவையாக ஆம்பில் செருகி வாசித்தாள். தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி இருந்தது.

"தீதி, நிறுத்து, நிறுத்து!" பேஸ் கிடார் வாசிக்கும் அக்ஷய் கையை உயர்த்தினான். சாயின் பள்ளித் தோழன் அவன்; அவளைத் தன் அக்காவாக நினைத்து அந்த ஊர் வழக்கப்படி தீதி என்பான். "நீ வாசிக்கறது ஒரு கம்பி. கூட மூணு கம்பி கத்தறதே, அதுங்கள யாரு கூப்பிட்டா?"

டிரம்மர் சிரித்தான். மது சிரிக்கவில்லை.

"ஆம்ப் இல்லாமயே பிராக்டிஸ் பண்ணிருக்கே, இல்ல? வாசிக்காத கம்பியெல்லாம் உள்ளங்கையால அமுக்கி வெச்சுக்கணும். அதுங்க கத்தறது ஆம்ப்ல போட்டாதான் காதுல விழும்." அவன் குரலைத் தணித்தான். "ஸ்கேல் சுத்தமா இருக்கு. ஆனா எங்கயுமே நிக்காம ஓடறே. பாதி நோட்டத் தூக்கிப் போடு. ஒண்ண இழுத்தா, அது அடங்கற வரைக்கும் இரு."

"அப்போ சாய் மாதிரி இருக்காதே."

"இருக்காது." கொஞ்சம் தயங்கினான். "ரெக்கார்டிங்கையே போட்டுடலாமா, தீதி?"

அவள் கிடாரை உறையில் வைத்தாள்.

வீட்டில் அம்மாவிடம் கெஞ்சினாள். "ஆம்பச் சின்னச் சத்தமா வெச்சுக்கறேன்மா. வருஷம் முடிய இன்னும் ரெண்டே வாரம்தானே."

வத்சலா அரிந்துகொண்டிருந்த வாழைக்காயைக் கீழே வைத்தாள். "சாஸ்திரம்னு சொன்னேன். அது மட்டும் இல்லடி. அந்தப் பெட்டிலேர்ந்து சத்தம் வந்தா, அவன்தான்னு நெனச்சுண்டு எழுந்து ஓடுவேன். ஓடிப் போய் உன்னைப் பார்ப்பேன். என்னால முடியாது."

மது அதற்குமேல் கேட்கவில்லை. காலை முதல் மெட்ரோவைப் பிடித்து ஒத்திகை அறைக்குப் போனாள். மெட்ரனோமை மறுபடி அறுபதில் வைத்தாள். உள்ளங்கையைக் கம்பிகள்மேல் சாய்த்து, ஒரு சுரம், பிறகு மௌனம், பிறகு இன்னொரு சுரம். மூன்று வாரத்தில் எண்பதைத் தாண்டவில்லை. பத்து மாதம் சேர்த்த வேகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தாள். சாயும் கூடவே கழன்று போவது போலிருந்தது.

விழாவன்று அம்மா கடைசி வரிசையில், சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லீட் வந்தது. மது முதல் சுரத்தை இழுத்தாள். அது எட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றது. அப்படியே விட்டாள். அடுத்ததற்குக் காத்திருந்த இடைவெளியில் வேறு எந்தக் கம்பியும் முனகவில்லை. சாய் அறுபது சுரம் வாசித்த இடத்தில் இருபது கூட இல்லை. முன்வரிசையில் யாரோ செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்தது.

இருவரும் டாக்ஸியில் திரும்பினார்கள்.

"கண்ண மூடிண்டுதான் உக்காந்திருந்தேன்" என்றாள் அம்மா. "மொத நோட்டுலயே தெரிஞ்சு போச்சு. அவன் இல்லேன்னு."

மது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காளிகாட் பூக்கடைகள் மங்கலாக ஓடின.

வீட்டுக்குள் நுழைந்ததும் வத்சலா புடவைகூட மாற்றவில்லை. நேரே பின்னறைக்குப் போய், ஒரு வருஷமாக ஆம்பின்மேல் கிடந்த பழைய வேஷ்டியை எடுத்து மடித்தாள்.

"இதோட பிளக்க எங்கடி செருகணும்?"