பட்டியலில் இல்லாத கண்டுகள்

என் அத்தான் எய்னருக்கு எழுபத்தொரு வயது. கைநடுக்கம் வந்த பிறகு அவரைச் சாயத் தொட்டிப் பக்கம் அக்கா விடுவதில்லை. மிச்சமிருந்த ஒரே வேலை, எங்கள் இணையக் கடைக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. அதையும் பிடுங்கியவள் நான்தான். யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கடை அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் நகரத்தில், அக்கா ஆர்டிஸின் வீட்டு அடித்தளத்தில். கம்பளி நூலுக்கு அவள் சாயம் போட்டு உலர்த்துவாள். காய்ந்ததை அத்தான் கண்டு கண்டாக அலமாரியில் அடுக்குவார். நான் பொட்டலம் கட்டுவேன், கணினியைப் பார்த்துக்கொள்வேன். அத்தான் பதில் எழுதுவது ஒற்றை விரலால். துவைத்தால் சுருங்குமா என்று ஒருத்தி கேட்டால், அவள் பேரன் பெயரென்ன, அங்கே பனி எத்தனை அடி என்றெல்லாம் விசாரித்து முடிக்க முக்கால் மணி நேரம். ஜனவரியில் நூற்று நாற்பது கேள்விகள் தேங்கிக் கிடந்தன. எனக்குப் பொறுமை கிடையாது, பிறந்ததிலிருந்தே கிடையாது. ஒரு ஏஐ உதவியாளனைக் கடையின் பட்டியலோடு இணைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

“அப்ப எனக்கு என்ன வேலை?” என்றார் அத்தான்.

“காலை நீட்டி உக்காருங்க. ஊர்ல எல்லாரும் அதுக்குத்தானே ஏங்குறாங்க?”

“நான் ஏங்கலையே, லவோன்.”

மெதுவாகத்தான் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இணைத்து முடித்ததும், பச்சை நூல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றது. அலமாரியில் ஒன்பது வகைப் பச்சை கண்ணெதிரே தொங்குகிறது! அதற்குத் தெரிந்ததெல்லாம் பட்டியலில் எழுதியிருப்பது மட்டும். பட்டியலில் அத்தான் எழுதி வைத்த பெயர்கள் அப்படி. ‘பக்கத்து வீட்டு டிராக்டர்’ என்றால் பச்சை. ‘நவம்பர், மூன்று மணி’ என்றால் சாம்பலில் கொஞ்சம் நீலம். ‘ஆர்டிஸ் கோபம்’ என்றால் சிவப்பு. நூற்று அறுபது பெயர்களுக்கும் பக்கத்தில் நிறத்தை எழுதி முடிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது.

“ஏன் அத்தான், பச்சைக்குப் பச்சைன்னு பேர் வச்சா குடியா முழுகிடும்?”

“பச்சைன்னா எந்தப் பச்சை?”

“உங்க பொண்டாட்டி கோபம் எந்தச் சிவப்புன்னு ஊருக்கெல்லாம் தெரியணுமாக்கும்?”

“தெரிஞ்சா ஜாக்கிரதையா இருப்பாங்கல்ல.”

அக்கா சாயக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். அத்தான் தலையைக் குனிந்து சிரித்தார். அதற்குப் பிறகு பல நாள் அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அவர்கள் இருவரும் மருத்துவரிடம் போயிருந்தபோது நான் இருப்பை எண்ண உட்கார்ந்தேன். எண்ணிக்கை சரியாக இல்லாவிட்டால் உதவியாளன் இல்லாததை விற்றுத் தொலைக்கும். படிக்கட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே நூல் கண்டுகள், இரண்டிரண்டாகக் காகிதத்தில் சுற்றி, தேதி போட்டு. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. பாவம், மனுஷனுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றி, கடைசிக் கண்டுகள் என்று தலைப்பும் போட்டேன். மூன்றே நாளில் உதவியாளன் பாதியை விற்றது.

அன்று இரவுச் சாப்பாட்டில், அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் கறியைத் தட்டில் போட்டபடியே, பெட்டிக் கண்டுகள் விற்ற கதையைப் பெருமையாக அவிழ்த்துவிட்டேன்.

அத்தான் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “அந்தப் பெட்டியையா? அது வந்து, லவோன்...”

“வந்தும் இல்ல, போயும் இல்ல. இருநூறு கண்டு எங்க வச்சோம்னே தெரியாம இருந்திருக்கீங்க. மறதி வந்தா ஒத்துக்கணும் அத்தான். அதுல என்ன வெட்கம்?”

“போதும்டி, வாயை மூடு” என்றாள் அக்கா.

அத்தான் தட்டைத் தள்ளி வைத்தார். நடுங்கும் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவர் அடித்தளத்துக்கு இறங்கி வரவே இல்லை. ஒன்பதாம் நாள் பெட்டி காலி.

பத்தாம் நாள் பெமிட்ஜி ஊரிலிருந்து மார்லிஸ் என்ற பெண் எழுதினாள். அப்பாவுக்குத் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். ‘நவம்பர், மூன்று மணி’ நிறம், அக்டோபர் பதினொன்றாம் தேதிச் சாயம். ஸ்வெட்டரின் ஒரு கை பாதியில் நிற்கிறது, ஒரு கண்டு வேண்டும். உதவியாளன் நான்கு முறை மரியாதையாக, இருப்பு இல்லை, அதே நிறத்தில் டிசம்பர்ச் சாயம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தது. கடைசியில் அவள் கேட்டிருந்தாள்:

“வேற தேதின்னா கையில கோடு விழுந்துடும்ப்பா. எய்னர் எங்க? ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் எங்களுக்காக ரெண்டு எடுத்து வச்சிருப்பாரே. அவர் நல்லாதான இருக்கார்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரே சாயம், ஒரே தொட்டி, ஆனாலும் ஒரு நாள் போட்டது மறுநாள் போட்டதோடு ஒத்துப்போகாது. பின்னுகிறவர்களுக்குப் பாதியில் நூல் குறையாமலும் இராது. அதற்காகத்தான் ஒவ்வொரு தடவைச் சாயத்திலும் இரண்டு. பட்டியலில் ஏற்றினால் தேவையில்லாத யாராவது வாங்கிவிடுவார்கள் என்றுதான் ஏற்றவில்லை. மறதியாம், மறதி! நூற்று ஏழு தடவைச் சாயத்தை அந்த மனுஷன் நினைவு வைத்துக் காத்திருக்கிறார். நான் ஒன்பது நாளில் தீர்த்துக் கட்டிவிட்டேன்.

மாடிக்கு ஓடினேன். அத்தான் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, உறைந்த ஏரியைப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் எழுதியதைப் போனில் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

“மன்னிச்சிடுங்க அத்தான். உங்களுக்கு மறதி இல்ல. எனக்குத்தான் புத்தி இல்ல.”

“அதைத்தானே முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன்” என்றார்.

பிறகு தலையிலிருந்து குல்லாவைக் கழற்றினார். சாம்பலில் கொஞ்சம் நீலம். அக்டோபர் பதினொன்று. அக்கா அவருக்கென்று பின்னியது. நடுங்கும் விரலால் அதன் உச்சியில் நூல் நுனியைத் தேடினார்.

“ஐயோ, அக்கா பின்னினதாச்சே!”

“அவ இன்னொண்ணு பின்னித் தருவா. மார்லிஸோட அப்பாவுக்கு இன்னொரு தொண்ணூறு வருமா? நுனியைப் பிடி.”

நான் நுனியைப் பிடித்து இழுக்க, அவர் நாற்காலி முதுகில் சுற்றினார். வரிவரியாகக் குல்லா அவிழ்ந்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. அக்கா வந்து பார்த்தாள், சுருள் நீங்க நூலை அலசித் தொங்கப்போட எடுத்துப் போனாள். நூலோடு வைக்க அத்தான் ஒரு கடிதம் எழுதினார், ஒற்றை விரலால், ஒன்றேகால் மணி நேரம். நான் பொட்டலத்தை மூடாமல் காத்திருந்தேன்.

அன்று உதவியாளனுக்கு ஒரு வரி சேர்த்தேன். யாருக்காவது பாதியில் நூல் குறைந்தால், இல்லை என்று சொல்லாதே, எய்னரிடம் போனில் கேட்டுச் சொல். மரப்பெட்டியில் புதுச் சாயங்கள் மறுபடி இரண்டிரண்டாகச் சேர்கின்றன. அவை பட்டியலுக்குத் தெரியாது.

இப்போது அத்தானின் போன் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சிணுங்குகிறது.

“இந்தப் பயலுக்கு ஒரு எழவும் தெரியல, லவோன்! எதுக்கெடுத்தாலும் எய்னர்கிட்ட கேக்குறேன், எய்னர்கிட்ட கேக்குறேன்னு என் உசுரை வாங்குறான்” என்று அடித்தளத்து அலமாரிப் பக்கமிருந்து கத்துகிறார்.

“நிறுத்திடட்டுமா அத்தான்?”

“நிறுத்தச் சொன்னேனா?” என்று போனை எடுத்து மார்போடு வைத்துக்கொள்கிறார். தலையில் அக்கா பின்னித் தந்த புதுக் குல்லா, நல்ல சிவப்பு.