கமருன்னிஸா எழுதிக்கொண்டிருக்கிறார்

1

"அந்த அத்தை எழுதிக்கிட்டே இருக்காங்கன்னு போட்டிருக்கே, ஏன்ப்பா ஒண்ணும் வரல?"

என் மகள் பூர்ணிமா ஏழு வயதில் கேட்டது. பதிலுக்கு ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். இதைவிடப் பெருமையான பிறப்பிடம் இதற்கு இல்லை.

2

முதல் தொடக்கம்: காவிரியில் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று காலை, பிரகதாம்பாள்

(பொய். அன்று தண்ணீர் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கதை என்றால் முதல் வரியிலேயே ஆறு ஓட வேண்டும் என்று யாரோ எனக்குச் சொல்லிவைத்தது போலிருக்கிறது.)

இரண்டாவது: பிரிவு என்பது ஒரு

(வேண்டாம்.)

நடந்தபடியே சொல்கிறேன். பாபநாசம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் எடைச்சீட்டு எழுதுவது என் வேலை. எதிர் மேசை பிரகதாம்பாள் அக்காவுடையது. ஐம்பத்திரண்டு வயது. வெளியூர்க் கடைக்காரர்களின் ஆர்டர்களை எழுதிக்கொள்வது அவர் பொறுப்பு. இனி ஆர்டரெல்லாம் மெசஞ்சரில்தான் வரும் என்று சொல்லி முதலாளி அதைக் கணினியில் போட்டுவிட்டார். அக்காவுக்குப் பழக்கிவிடும் வேலை என்னிடம் வந்தது.

"போனை இந்தக் கட்டத்துக்கு நேரா காட்டுங்கக்கா. ரெண்டும் சேந்துடும்."

"போன்ல இருக்கறதெல்லாம் இதுல வந்துடுமா?"

"வந்துடும்."

"எங்க வீட்டுக்காரர் கொறட்டைய பதிவு பண்ணி வச்சிருக்கேன்டா. முதலாளி கேக்கப் போறாரு."

திரையின் இடது பக்கம் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அவர் இந்த நிமிஷம் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம், என்று விளக்கினேன். அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். கமருன்னிஸா என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது.

3

(இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பெயர் யாருடையது என்று சொல்லிவிட வேண்டும்.)

இருவரும் முத்துப்பேட்டையில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பத்தாம் வகுப்பில் அக்காவின் அப்பா இறந்தபோது, உலை வைக்காத அந்த வீட்டுக்குக் கமருன்னிஸாவின் அம்மா சைத்தூன் பீவி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார். ஒரு வாய் குடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன் சைத்தூன் பீவி இறந்தார். அக்கா வீட்டில் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாகிவிட்டது. நட்ட பிறகு துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. கல்யாணம் முடிந்து போயிருக்கலாம். 'இத்தனை நாள் கழிச்சு எந்த முகத்தோட போறது' என்று ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த ஒரு மாதம் பதினோரு வருஷமாயிற்று. கமருன்னிஸா மலேசியாவுக்கு, மகனிடம் போய்விட்டார். யாரிடமோ வாங்கிய எண் மூன்று வருஷமாக அக்காவின் போனில் சும்மா கிடந்தது.

(கமருன்னிஸாவை எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கம். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என்றதுமே, இவன் பாடம் நடத்தப் போகிறான் என்று நினைப்பீர்கள். இருவரையும் ஒரே மதமாக்கி எழுதிப் பார்த்தேன். அடுத்த பகுதியில் வருவது நடக்கவே மறுத்துவிட்டது. பழையபடி மாற்றிவிட்டேன்.)

4

"துக்கம் கேக்கணும்டா. இதுல கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். கடிதம் எழுதுகிறவர் மாதிரி மேலே நடுவில் ஓர் 'உ' அடித்தார். அடுத்த வரிக்குப் போக என்டரைத் தட்டினார்.

"எங்கடா போச்சு?"

"அனுப்பிட்டீங்கக்கா. அடுத்த வரின்னா ஷிஃப்டையும் சேத்து அழுத்தணும். வெறும் என்டர் தட்டினா போயிடும்."

அக்கா திரைக்கு அருகே குனிந்தார்.

"துக்கக் கடுதாசியில பிள்ளையார் சுழியே போடக் கூடாதுடா. கைப்பழக்கத்துல போட்டேன். அதையும் தனியா அனுப்பிட்டேன். பதினோரு வருஷம் கழிச்சு நான் அவகிட்ட பேசின மொத வார்த்தை இதுவா?"

"அழிச்சிடலாமா?"

"பாத்துட்டாளே."

பார்த்துவிட்டதற்கான குறி விழுந்திருந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று இலக்கங்கள் வந்தன.

786

அக்கா சிரித்துவிட்டார். "பரீட்சைப் பேப்பர்ல நான் சுழி போடுவேன், அவ பிஸ்மில்லாவுக்கு இதைப் போடுவா. ரெண்டு பேருமே கணக்குல பெயிலு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன் பிறகுதான் திரையில் அந்த வரி வந்தது: கமருன்னிஸா எழுதிக்கொண்டிருக்கிறார். நின்றது. மறுபடி வந்தது. பள்ளி விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூர்ணிமா அதைப் படித்துவிட்டு, நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டாள். இருபது நிமிஷம் கழித்துப் பச்சைப் புள்ளி அணைந்தது.

5

ஒரு முடிவு: அவ்வளவுதான், பிறகு எதுவும் வரவில்லை.

இன்னொரு முடிவு: நீளமாகக் கோபக் கடிதம் ஒன்று வருகிறது. அதை எழுதியும் பார்த்தேன். உன் பந்தக்கால் பெருசாப் போச்சு, எங்க உம்மா

(நிறுத்திவிட்டேன். அவர் படாத கோபத்தை அவருக்காக நான் படுவது பாவம்.)

மறுநாள் காலை வந்தது இரண்டே வரி: "உம்மா வீடு பூட்டித்தான் கெடக்கு. சாவி பக்கத்து வீட்டு பர்வின்கிட்ட இருக்கு."

"இதுக்கு என்னன்னு பதில் எழுதறது?"

"எழுதற காரியமா தெரியலக்கா."

வியாழக்கிழமை அக்கா லீவு போட்டார். மன்னார்குடியில் பஸ் மாறி முத்துப்பேட்டை போனார்.

6

பர்வின் சாவியைக் கொடுத்துவிட்டு அடுப்பு வேலைக்குத் திரும்பிவிட்டார். வீட்டுக்குள் அக்கா மூன்று மணி நேரம் இருந்திருக்கிறார்.

கூடத்தின் நடுவில் அவர்

ஜன்னலைத் திறந்ததும்

(முடியவில்லை. பார்க்க வேண்டியவன் மேலிருந்து பார்த்திருப்பான் என்று நம்புகிறவன் நான். அவன் பார்த்த இடத்தில் நான் எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. அந்த மூன்று மணி நேரத்தை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் எதை வைத்தாலும் கொஞ்சம் மெதுவாக வையுங்கள்.)

வெள்ளிக்கிழமை அக்கா திரையை என் பக்கம் திருப்பினார். கமருன்னிஸா எழுதியிருந்தார்:

"சாவியை கேட்டுல மாட்டிட்டு ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டியாம். பர்வின் கோவிச்சுக்கிட்டா. துக்க வீட்டுலேருந்து யாருடி சொல்லிக்கிட்டுப் போவான்னு அவளுக்கு எடுத்துச் சொன்னேன்."

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கும் இதற்குமேல் இங்கே வேலை இல்லை, சொல்லிக்கொள்ளாமல்