மாப்பிள்ளைக் கார்

தில்லையம்பலத்தை லண்டனில் எவரும் விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. அவருடைய காரைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணை, சனிக்கிழமை கார் வருமோ?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வருமாம்! என்னவோ அது தானே பெற்றோல் அடித்து, தானே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வருவது போல. பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ கலியாணமோ, எங்கள் சனத்துக்கு வாசலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றே ஆகவேண்டும். எல்லோரும் லம்போகினியை வாடகைக்கு எடுக்க, கொஞ்சம் வித்தியாசமாகச் செய்ய நினைப்பவர்கள் தில்லையம்பலத்துக்கு ரெலிபோன் எடுப்பார்கள். மனுஷன் போவார். பிள்ளைகள் கதவில் சாய்ந்து படம் எடுக்கும்போது நெஞ்சு பதைக்க நிற்பார். சனம் சாப்பிட்டு முடிந்ததும் யாராவது ஒரு பெட்டியில் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். காருக்குள் இருந்து சாப்பிடமாட்டார், கறி சிந்திவிடும் என்ற பயம். நடைபாதையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் தன் ஒற்றை அறைக்குத் திரும்புவார்.

சும்மா சொல்லக்கூடாது, கார் என்றால் அது கார். அறுபத்தேழாம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். சிவப்பு. கூரையை மடித்துப் பின்னால் போடலாம். இரண்டே இரண்டு இருக்கை. பின்பக்கம் வள்ளம் மாதிரி ஒடுங்கி வட்டமாக முடியும். நாலைந்து வருடத்துக்குள் கொம்பனிக்காரன் அந்த வட்ட வாலை வெட்டிச் சப்பையாக்கிவிட்டான். அதனால்தான் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் வட்ட வாலைத் தேடிப் பைத்தியமாக அலைகிறார்கள். அதிலும் தில்லையம்பலத்தின் காரில் இத்தாலியில் அடித்த அதே பெயின்ற், அங்கே பூட்டிய அதே எஞ்சின். ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிகளில் வெள்ளைக்காரக் கிழவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "திருப்பிப் பெயின்ற் மட்டும் அடித்துவிடாதே" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். பிறகு தங்கள் மனைவிமாரோடு தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அவர் காரோடு தனியே நிற்பார்.

அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே மனைவி பாலாம்பிகை கேட்டாள். "வீட்டிலை மூண்டு பேர். இதிலை நான் எங்கை இருக்கிறது? பிள்ளை எங்கை இருக்கிறது?" நியாயமான கேள்விதான். மகன் கீர்த்தனன்தான் தனக்கு ஓர் இடம் கண்டுபிடித்தான். மடித்த கூரைக்கு மேலே ஏறி, அந்த வட்ட வாலில் ராசா மாதிரிக் குந்திக்கொள்வான். "இறங்கடா! கீறு விழும்!" என்று இவர் கத்துவார். வாரத்துக்கு ஏழு நாளும் அந்த வீட்டில் கேட்ட சத்தம் அதுதான். பிள்ளையும் இறங்கிப் போனான். கொஞ்சக் காலத்தில் தாய் அவனையும் கூட்டிக்கொண்டு பிளேஸ்டோவில் இருந்த தன் தம்பி ஷங்கர் வீட்டுக்குப் போய்விட்டாள். காரில் ஒரு கீறும் விழவில்லை.

அந்தக் கீர்த்தனன்தான் போன மாதம் ரெலிபோன் எடுத்தான்.

"அப்பா, நான் கீர்த்தனன். எனக்கு வாற மாசம் கலியாணம். அம்மா சொல்லியிருப்பா."

அம்மா அவரோடு பேசியே வருடக் கணக்கு. "ஓம் ஓம், கேள்விப்பட்டனான்" என்றார், பச்சைப் பொய்.

"கார் வருமோ?"

"வரும் ராசா. வராமல்?"

நீங்களும் வாங்கோ என்று ஒரு சொல் வரும் என்று ரெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "தாங்ஸ் அப்பா" என்று வந்தது. நான் வரலாமோ என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆனால் கணக்கு ஒன்று போட்டார். கார் வந்தால் ஓட்டுகிறவன் வரவேண்டும். ஓட்டுகிறவன் தகப்பன். தகப்பன் மண்டபத்துக்குள் நின்றால், யாராவது கையைப் பிடித்து மணவறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடாமலா போவார்கள்? பட்டு வேட்டியும் சால்வையும் வாங்கினார். ஒரு கிழமையாகக் காரைத் துடைத்தார்.

கலியாணத்தன்று காலை பிளேஸ்டோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுக்காட்டியாயிற்று. தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் மாமன் ஷங்கர் நின்று எல்லாம் செய்திருந்தான். "வாங்கோ அத்தான்" என்றவன், இவருடைய பட்டு வேட்டியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினான். பாலாம்பிகை தட்டோடு வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது, அழகாகத்தான் இருந்தாள். சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். சந்தனத்தைக் குழைத்து, அந்த இத்தாலிப் பெயின்றில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். வேறு யாராவது செய்திருந்தால் தில்லையம்பலம் ஊரைக் கூட்டியிருப்பார். இன்றைக்கு மூச்சு விடவில்லை. காருக்குப் பொட்டு வைத்தவள் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள் என்று நின்றார். அவள் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளைத் தோழன், பெண்ணின் தம்பி யனுஷன். மாப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவன் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். காரிலோ இரண்டு இருக்கை.

"இப்ப அத்தான் ஓட்டட்டும், தோழன் என்ரை காரிலை வரட்டும்" என்றான் ஷங்கர். "ஹோலுக்குக் கிட்டப் போய் மாறலாம்."

யார் எதை மாறுவது என்று தில்லையம்பலம் கேட்கவில்லை. மகன் பக்கத்தில் இருக்கப்போகிறான், அது போதும்.

தலைப்பாகையோடு கீர்த்தனன் ஏறி அமர்ந்தான். சின்னக் கார், முழங்கை முழங்கையில் பட்டது. எத்தனை வருடத்துக்குப் பிறகு! ஐயோ, கேட்க எவ்வளவு இருந்தது. சுகமாக இருக்கிறாயா, அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையா, என்னில் இன்னும் கோபமா. வாயைத் திறந்தால் வந்ததெல்லாம் கார்தான்.

"இதுக்குப் பேர் வைக்கப் போட்டியெல்லாம் வைச்சவங்கள் தெரியுமோ? 'டுயட்டோ' எண்ட பேர் வெண்டது. ரெண்டு பேர் சேர்ந்து பாடுறதாம். பிறகு பார்த்தால் ஒரு பிஸ்கட் கொம்பனி அந்தப் பேரை முதலே பிடிச்சு வைச்சிருக்கு. வைக்கேலாமல் போச்சு. இத்தாலிச் சனம் இதின்ரை வடிவத்தைப் பார்த்துக் கணவாய் மீனின்ரை ஓடு எண்டு கூப்பிட்டது."

"தெரியும் அப்பா" என்றான் கீர்த்தனன். குரலில் கோபம் இல்லை. "சின்னனிலை சொல்லியிருக்கிறீங்கள்."

அதற்குப் பிறகு சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போனார்கள்.

இல்ஃபோர்ட் மண்டபத்துக்கு முந்திய தெரு முடக்கில் நாதஸ்வரமும் தவிலும் தயாராக நின்றன. வீடியோக்காரப் பெடியன் ஓடிவந்து கையைக் காட்டினான். யனுஷனும் வந்து கதவருகே நின்றான்.

"அங்கிள், மாப்பிள்ளையும் தோழனும்தான் காரிலை வரவேணும். நீங்கள் இறங்குங்கோ, மாப்பிள்ளையே ஓட்டட்டும். படம் நல்லா வரும்" என்றான் வீடியோக்காரன்.

தில்லையம்பலம் ஸ்டியரிங்கை விடவில்லை. இறங்கினால் எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்தது. மகனைக் கொண்டுபோய் மண்டப வாசலில் விடுகிற தகப்பனாக வேண்டும், அவ்வளவுதானே கேட்டது? திரும்பி அந்த வட்ட வாலைப் பார்த்தார். வாய் தன்பாட்டில் சொல்லிற்று:

"தம்பி, நீ பின்னுக்கு ஏறி மேலை இரு. வாலிலை. யனுஷன் இதிலை இருக்கட்டும். நான் மெல்ல மெல்ல உருட்டுறன்."

கீர்த்தனனும் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு தகப்பனின் தோளில் மெல்லக் கை வைத்தான்.

"வேண்டாமப்பா. கீறு விழும்."

குத்திச் சொல்லவில்லை. ஒரு பெறுமதியான பொருளைப் பற்றிச் சொல்வதுபோல, மரியாதையாகத்தான் சொன்னான். தில்லையம்பலம் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். மகன் இந்தப் பக்கம் நகர்ந்தான், யனுஷன் அந்தப் பக்கம் ஏறினான். நாதஸ்வரம் தொடங்கிற்று. கமராக்கள் பின்நடை போட, சனம் கைதட்ட, சந்தனப் பொட்டோடு கார் முடக்கைத் திரும்பிற்று.

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். வாசலை அடைந்தபோது கார் வெறுமையாக நின்றது. சுற்றிலும் பிள்ளைகள் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. உள்ளே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஷங்கர் மணவறைக்குக் கூட்டிப்போவது தெரிந்தது.

வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற சின்னப்பிள்ளை ஒன்று அவர்மேல் பன்னீர் தெளித்தது. வடிவாகச் சிரித்துக்கொண்டு சந்தனக் கிண்ணத்தை நீட்டிற்று.

"வாங்கோ அங்கிள். நீங்கள் மாப்பிள்ளைக்கு என்ன முறை?"

தில்லையம்பலம் சந்தனத்தில் விரலை வைத்தபடி நின்றார்.

"நான் கார் கொண்டுவந்தனான், பிள்ளை" என்றார்.