மூன்று கம்பிகளுக்குப் புதுப்பிடி

1

இந்தக் கதை நகரி ரயில் நிலையத்தில் கிடைத்தது. எதிர் பெஞ்சில் ஒரு பெண், ஆணிபோன்ற தேய்ந்த உலோகப் பின் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, தூங்கும் குஞ்சைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டியிருந்திருக்காது.

2

'பழவேற்காடு ஏரியின்மேல் பனி ஒரு வெள்ளைப் புடவையைப்போல...'

வேண்டாம். இந்திராணி (பெஞ்சில் இருந்தவருக்கு நான் வைத்த பெயர்) நகரியில் விசைத்தறி ரிப்பேர் பார்ப்பவர். புடவை என்றால் எங்கே இழை விட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

அவர் தம்பி தனசேகர் தடா பக்கம் ஏரிக்கரையில் ஒரு சின்னப் பாய்ப்படகு வைத்திருக்கிறார். இரண்டு உடல், நடுவே ஒரு பாய்மரம், அதை நிமிர்த்திப் பிடிக்க மூன்று கம்பிகள். (நம் கட்டுமரம் கடல் தாண்டிப் போய், 'கட்டமரான்' ஆகி, இந்த இரட்டைப் படகின் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. அது வேறு கதை.)

போன தையில் ஒரு கம்பியைப் படகோடு பிணைக்கும் பிடி உடைந்து பாய்மரம் சாய்ந்தது. தனசேகரின் மகள் பிரீத்திக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து அவள் படகில் ஏறவில்லை. அப்பாவோடு சரியாகப் பேசவுமில்லை.

3

உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்றார் தனசேகர்.

"மத்ததெல்லாம் பளபளன்னு கீதே, அக்கா."

இந்திராணி பாய்மரத்தை இறக்கி மணலில் கிடத்தச் சொன்னார். கம்பியைத் தகட்டோடு பிணைக்கும் ஒரு பின்னைக் கழற்றி நகத்தால் தடவினார். உரசிய இடத்தில் பள்ளம். தகட்டின் துளை முட்டை வடிவமாகியிருந்தது.

"தறியிலயும் இப்டித்தான். ஓடிக்கினே இருக்கும், ஒருநாள் விட்டுடும். எல்லாத்தயும் மாத்தறேன்."

தனசேகர் அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்தார்.

"அந்தப் பிடி அன்னிக்கே லேசா ஆடுச்சுக்கா. பாத்துட்டுத்தான் அவள ஏத்தினேன்."

(இந்த வரியை இரண்டு முறை அடித்து நீக்கினேன். திரும்பவும் வந்து நின்றது.)

"எங்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்டப் போய்ச் சொல்லு."

4

தகடு, பின், வளையம், எல்லாம் புதிது. பாய்மரம் எழுந்தது. நீரும் வானமும் ஒரே நிறமாக இருந்த அந்தக் காலையில் படகு இரண்டிலும் படாமல் நிற்பதுபோல் தெரிந்தது.

தனசேகர் மகளிடம் போனார். என்ன சொன்னார் என்று இந்திராணிக்குக் கேட்கவில்லை. பிரீத்தி தலையைக்கூட அசைக்காமல் நின்றதைத்தான் பார்த்தார். பிறகு அவள் அத்தையிடம் வந்தாள்.

"நீ ஏறுனா நானும் ஏறுறேன் அத்தே."

இந்திராணிக்கு நீச்சல் தெரியாது.

முதல் முடிவு: சிரித்து மழுப்பிவிடுகிறார். எழுதிப் பார்த்தேன்; தன் கைவேலையை அவரே நம்பாத மாதிரி இருந்தது. இரண்டாவது: காற்றே இல்லை, எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். அது என் பயம், அவருடையது இல்லை.

அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். ஒரு கையால் கம்பியைப் பிடித்தார். விரல்களுக்குள் அது மெல்ல அதிர்ந்தது. பிடி அசையவில்லை. பிரீத்தியும் ஏறினாள். தனசேகர் படகைத் தள்ளிவிட்டுக் கடைசியாக ஏறிக்கொண்டார்.

5

படகு இப்போது தூரத்தில். நான் கரையில். பிரீத்தி அப்பாவின் பக்கம் திரும்பி என்னவோ சொல்கிறாள். வாய் அசைவது மட்டும் தெரிகிறது. பாயைத் தளர்த்தச் சொல்கிறாளோ, இத்தனை மாதம் மனதில் வைத்திருந்ததைச் சொல்கிறாளோ.

காற்று உங்கள் பக்கம்தான் அடிக்கிறது. உங்களுக்கு என்ன கேட்கிறது?