அங்கி ஓரத்து ஈயக் குண்டுகள்

முப்பது வருஷமாக வராத மனசு கணவர் வெண்டலுக்கு இன்றைக்கு வந்திருக்கிறது, அதுவும் மார்வா வீட்டுத் தண்ணீரில் இறங்குவதற்கு, என்று லோரீன் மறுபடியும் நினைத்துக்கொண்டாள்... எதிரே குளத்தின் ஓரத்தில் எஃப்ரேன் மண்டியிட்டு, அளவு நாடாவை இழுத்துப் பிடித்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான், குளங்களை மூடிக் கொடுப்பதுதான் அவன் தொழில், இந்த மேசா ஊர் வெயிலில் தெருவுக்கு நான்கு குளம் இருந்தால் இரண்டில் யாரும் குளிப்பதில்லையாம், அப்படிச் சொல்லித்தான் சிரித்தான். லோரீனும் சிரித்துவைத்தாள். இதில் யாரும் குளிக்கவில்லை தம்பி, இதில் மறுபிறப்பு எடுத்தார்கள், எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பதினாறு பேர், என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது, பச்சைப் பாசி படிந்து முழங்கால் அளவுக்கு நிற்கிற இந்தத் தண்ணீரைப் பார்த்தால் யார் நம்புவார்கள்?

சபைக் கட்டடத்தில் ஞானஸ்நானத் தொட்டி இல்லை, அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அதனால் மே மாதம் பிறந்தால் பாஸ்டர் டக் எல்லாரையும் இங்கேதான் கூட்டி வருவார், பின்வாசல் வழியாக வெள்ளை அங்கியில் வரிசையாக வருவார்கள், அந்தச் சுவரோரம் நாற்காலிகள், நிழலில் ஐஸ் டீ, உருளைக்கிழங்கு சாலட், அடுப்பில் இறைச்சியைப் புரட்டிப்போட்டபடி வெண்டல்... கணவர் எல்லாம் செய்வார், தண்ணீரில் மட்டும் இறங்கமாட்டார். "எல்லாரும் முங்கி எழுந்து வந்தா பசிக்கும்ல, ஒருத்தனாவது கரையில இருக்கணும் லோரி" என்பார். அவளும் சிரிப்பாள், ராத்திரி ஜெபத்தில் அழுவாள். பிறகு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆழமான பக்கம் சுவரில் விரிசல் விட்டது, முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை, அவளேதான் பாஸ்டரிடம் சொன்னாள், இந்த ஒரு கோடைக்கு வேறு இடம் பாருங்கள் என்று. ஒரு கோடைக்கு என்றுதானே சொன்னாள்? இரண்டு தெரு தள்ளி, அதே சபையைச் சேர்ந்த மார்வா வீட்டில் அகலமான படிகள், பிடித்து இறங்கக் கம்பி, வயசானவர்களுக்குச் சௌகரியம், நீலக் கண்ணாடி மாதிரித் தண்ணீர்... அந்த ஒரு கோடை மூன்று கோடையாகிவிட்டது, ஒருவரும் திரும்பி வந்து, லோரீன், உன் குளம் சரியாகிவிட்டதா என்று கேட்கவில்லை. கேட்காததால் அவளும் விரிசலை அடைக்கவில்லை.

"மேடம், மூணு வழி இருக்குங்க" என்று எஃப்ரேன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். மேலே வலை மாதிரி ஒரு மூடியை இழுத்துக் கட்டிவிடலாம், குளம் அப்படியே இருக்கும், யாரும் தவறி விழமாட்டார்கள். இல்லையென்றால் மேலே மரத்தளம் அடித்து நாற்காலி போட்டு உட்காரலாம். இல்லையென்றால் மண்ணைக் கொட்டி நிரப்பி ஒரேயடியாக முடித்துவிடலாம், எலுமிச்சை வைக்கலாம், மாதுளை வைக்கலாம்... "ஆனா மண்ணு போடறதுன்னா மொதல்ல தரையில ஓட்டை போட்டாகணுங்க. அதைச் செய்யாம மூடிட்டா மழைத் தண்ணி கீழயே தங்கி, மண்ணு ஊறி, உள்ளேயே நாறும். வெளிய பார்த்தா தோட்டம், தோண்டினா சேறு." அவன் தொழில் பேச்சுத்தான் பேசினான். அவளுக்கு ஏன் முகம் சூடாகவேண்டும்? நிரப்பிவிடு என்று சொல்லத்தான் அவனை வரச் சொன்னாள், அதுவும் இன்றைக்கே, இரண்டு மணிக்கு, ஏனென்றால் நாலு மணிக்கு அங்கே வெண்டல் இறங்கப்போகிறார், கேட்டால் ஆள் வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம், மார்வா வீட்டுக்குப் போகாமலிருக்க மூன்று கோடையாகச் சொன்ன முழங்கால் வலியை இன்றைக்குச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

போன மாதம் சமையலறையில் தட்டைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னது... "நான் முங்கிடலாம்னு இருக்கேன் லோரி." எதில் என்று கேட்டாள், அவ்வளவு மக்காகக் கேட்டாள். "மார்வா வீட்டுலதான். நம்ம குளத்துல முப்பது வருஷமா செத்த தவளை எடுத்திருக்கேன். அதுல எறங்கினா எனக்குக் குளோரின் போட்டோமாங்கற நெனப்புதான் வரும், கர்த்தர் வரமாட்டார்." சிரித்தார். அவளும் ஸ்தோத்திரம் என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்ட கை கட்டிக்கொண்டபடியே கல்லாகிவிட்டது. இத்தனை வருஷம் ஜெபித்தது யார்? பலன் எந்த வீட்டுக்குப் போகிறது? மார்வா வீட்டு மோட்டார் பழுதானால் போகிறார், வடிகட்டி அடைத்தால் போகிறார், இன்றைக்கும் ஒரு மணிக்கே போய்விட்டார், விதவைக்கு உதவுவது நல்லதுதான், அப்போஸ்தலரே சொன்னதுதான்... ஞாயிற்றுக்கிழமைகளில் மார்வா சபையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து, லோரீன் வந்ததும் எடுத்து, "வா, உனக்குத்தான் பிடிச்சு வச்சேன்" என்பாள். சபையே இவள் வீட்டுக் கூடம் மாதிரி! குளம் போதாது, விசிறியும் அவளுடையது.

குழாய் போகிற வரைபடம் இருந்தால் கொடுங்கள் என்று எஃப்ரேன் கேட்டான். மோட்டார் அறைக்குள் போய் அலமாரியில் துழாவியபோது காபி டப்பா கையில் பட்டது. தெரியாதா அவளுக்கு அது அங்கேதான் இருக்கிறதென்று? உள்ளே ஈயக் குண்டுகள், வெண்டல் தூண்டில் நூலில் கட்டுகிறவை, அங்கிக்கு எட்டு, ஆறு அங்கி, நாற்பத்தெட்டு. தண்ணீரில் இறங்கினால் அங்கி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடும், அது நடக்காமலிருக்க அவள்தான் ஓரத்தை மடித்து ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தாள், அது அவளுக்கு மட்டுமே தெரிந்த வேலை. அந்த முதல் கோடையில் பாஸ்டர் அங்கிகளைக் கேட்டு ஆள் அனுப்பியபோது துவைத்து, இஸ்திரி போட்டு, மடிக்கும் முன்னால் கத்தரிக்கோலை எடுத்தாள்... நம் வீட்டுக் குண்டுதானே, நம்மிடம் இருக்கட்டும். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். பிறகு காத்திருந்தாள், யாருக்காவது அங்கி தூக்கிக்கொண்டது, சனம் சிரித்தது, லோரீன் இருந்தால் இப்படி ஆகுமா என்று யாராவது சொன்னார்கள் என்ற செய்திக்காக. மூன்று கோடையிலும் வரவில்லை. மறைக்கிறார்கள் என்று நினைத்தாள். இன்றைக்கு அதே அங்கியில் வெண்டல்... அந்த ஒல்லிக் கால்கள், இடது முழங்காலுக்கு மேலே தழும்பு, அதை மறைக்கத்தான் நாற்பது டிகிரி வெயிலிலும் முழுக்கால்சட்டை போடுகிற மனிதர், ஊர் பார்க்க அங்கி இடுப்புவரை ஏறி... ஒரு நொடி அந்தக் காட்சி அவளுக்கு இனித்தது. இனித்ததே, கர்த்தாவே, அவளுக்கு இனித்தது.

"மேடம், எதைப் பண்ணட்டும்?" என்றான் எஃப்ரேன். வந்து சொல்கிறேன் தம்பி, ஓட்டை மட்டும் போட்டுவிடாதே, என்று சொல்லிக்கொண்டே டப்பாவும் ஊசியும் வெள்ளை நூலுமாக அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். இரண்டு தெரு. தார் உருகுகிற வெயில். வலிக்கவேண்டிய முழங்கால் வலிக்கவேயில்லை, அதையும் கவனித்தாள். யாருக்கும் தெரியாமல் தைத்துவிட வேண்டும், நாலு நிமிஷ வேலை, டப்பாவைக் கைப்பைக்குள் போட்டிருக்கலாம், இப்படியா மார்போடு அணைத்துக்கொண்டு வருவது, ஒவ்வொரு அடிக்கும் அது கலகலவென்று ஊருக்கே சொல்கிறது. மார்வா வீட்டுப் பின்பக்கம் நாற்காலிகள் போட்டாகிவிட்டது, வெண்டல் தூரத்தில் மோட்டாருக்குள் தலையை விட்டிருந்தார், கொடியில் ஒரே ஓர் அங்கி தொங்கியது. ஓரத்தைத் தூக்கினாள். கனத்தது.

கனத்தது... ஏன் கனக்கவேண்டும்? மடிப்புக்குள் விரலால் தடவினாள், கூழாங்கல், தட்டையான சின்னக் கூழாங்கற்கள், எட்டு, அவள் தைத்த அதே எட்டு இடத்தில், அவள் ஊசி போட்ட அதே துளைகளின் மேல் நீல நூலில் கோணல்மாணலாகத் தையல். "சிரிக்காதே. பொத்தான் தைக்கத் தெரியாதவ நான்" என்று பின்னால் மார்வாவின் குரல். திரும்பினாள். மார்வா டப்பாவைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், லோரீனின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "இரு, ஒரு கறை இருந்துச்சு, பாத்துட்டுத் தரேன்" என்று அங்கியை உருவிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே ஏதோ இழுப்பறை திறந்து மூடிய சத்தம். திரும்பி வந்தாள். "நல்ல நேரத்துல வந்தே. முன்பக்கம் ஒரு கல்லு கழண்டு விழுந்திருக்கு பாரு, நான் கவனிக்கவேயில்ல. உன் ஈயத்துல ஒண்ணு வச்சுத் தையேன். வெண்டலுக்கு உன் தையல் இருந்தாத்தான் சரியா இருக்கும்." சொல்லிவிட்டு ஐஸ் டீ எடுக்கப் போய்விட்டாள்.

லோரீன் நிழலில் உட்கார்ந்து ஓரத்தை மடியில் விரித்தாள். கழன்றுவிட்டதாம். தேய்ந்து அறுந்த நூலுக்கு நுனி பிசிராக இருக்கும், இது அவளுக்குத் தெரியாதா, இந்த நீல நூல் நேராக, சுத்தமாக, கத்தரிக்கோல் வாயில் வெட்டுப்பட்டிருந்தது, இப்போதுதான். ஒரு குண்டை எடுத்து வைத்தாள். இரண்டு முறை ஊசி விரலில் குத்தியது. நாலு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது, பாஸ்டர் கை நீட்டினார், வெண்டல் கம்பியைப் பிடித்துப் படியிறங்கினார், பாதி வழியில் கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவன் மாதிரி விழித்தார். அங்கி எழும்பவில்லை. சுற்றிலும் ஒரே சீராகக் கீழே இறங்கியது, அதில் ஈயம் எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. எஃப்ரேன் காத்துக்கொண்டிருப்பான், என்ன சொல்வது, வலையா, மரமா, மண்ணா... பக்கத்து நாற்காலியில் ஒரு பை இருந்தது. மார்வா வந்து அதை எடுத்தாள், உட்காரவில்லை, லோரீனுக்கு இடம் காட்டினாள். அப்படியானால் முதல் கோடையிலேயே, பிரித்த தையலைப் பார்த்த அன்றைக்கே இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதானா, ஞாயிற்றுக்கு ஞாயிறு, விசிறிக்குக் கீழே அந்த இடத்தை...