பெயர் எழுதாத கட்டில்

எங்கள் தர்ம மருத்துவமனையில் பெயர் எழுதாத பொருள் கிடையாது. மின்விசிறியின் இறக்கையில்கூடக் காலஞ்சென்ற யாராவது சுற்றிக்கொண்டிருப்பார்கள். கழிப்பறைக் கதவில் ஒரு தம்பதியின் பெயர் இருக்கிறது. அவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். குஜராத்தின் இந்தச் சௌராஷ்டிரப் பக்கத்தில் தர்மவான்களுக்கும் பஞ்சமில்லை, பளிங்குக் கல்லுக்கும் பஞ்சமில்லை.

பச்சைக் குழந்தைகள் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு நர்ஸ். அங்கே ஒரே ஒரு கட்டிலில் மட்டும் பெயர் இல்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையை மூன்று நாள் குளிர்ச்சியில் வைத்து, மூளை கெடாமல் பார்த்துக்கொள்ளும் கட்டில் அது. வெளிநாட்டில் செய்தது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் ஊர் வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் தாங்குகிற மாதிரி ராஜ்கோட் பொறியியல் கல்லூரிக்காரர்கள் சிலர் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். முதலில் சரியாக வரவில்லை. மற்றவர்கள் கையை விரித்த பிறகும் விடாமல் பணம் கொடுத்தவர் பிராகஜிபாய், கடலை எண்ணெய் ஆலை முதலாளி.

குப்த தானம், பெயர் வெளியே வரக்கூடாது என்றார். ஊருக்கே தெரியும், தெரியாத மாதிரி இருப்போம். தர்மத்துக்குக் கொடுத்ததைக் கொடுத்தவன் வீட்டார் அனுபவிக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். எங்களிடம் வந்தால் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்க மாட்டார். மருமகள் ஜாக்ருதியின் பிரசவத்தையும் அதனால்தான் எதிர்த் தெருவில் இருந்த தனியார் நர்சிங் ஹோமில் வைத்துக்கொண்டார்கள்.

குழந்தை அழவில்லை. அங்கிருந்த டாக்டரம்மா துணியில் சுற்றி எங்களிடம் ஓடி வந்தார். பின்னாலேயே பிராகஜிபாயும் மகன் நிலேஷும் வந்தார்கள். எங்கள் டாக்டர் வைஷ்ணவ் மூச்சை வரவழைத்துவிட்டார். ஆனால் குழந்தையின் கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"ஆறு மணி நேரத்துக்குள்ள குளிர வைக்கணும், சேட். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கட்டிலும் காலியா இருக்கு," என்றார் டாக்டர்.

"இந்தக் கட்டில் வேண்டாம். அகமதாபாத் கொண்டு போறோம். வண்டிக்குச் சொல்லியாச்சு."

"போய்ச் சேரவே அஞ்சு மணி நேரம் ஆகும், சேட்!"

"வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு கேக்காதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சுமா கேக்கறீங்க, சரோஜ்பென்? இல்லாதவங்களுக்குன்னு விட்டதுல என் பேரனைப் படுக்க வெச்சா, குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்ட மாதிரி. அந்தப் பாவம் இவன் தலையிலதானே வந்து விடியும்?"

குழந்தை மேல் அவருக்கு ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. ஆசையினால்தான் அதைக் கொல்லப் பார்த்தார். நான் நிலேஷைப் பார்த்தேன். "பாபுஜி சொல்றதுதான்," என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். முப்பது வயது ஆண்பிள்ளை. அறங்காவலர்களுக்குப் போன் போட்டால் அவர்கள் சேட்டைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பேச்சிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. வண்டியும் வந்தபாடில்லை.

நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து ஜாக்ருதியிடம் கொடுக்கச் சொன்னேன். நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுப் போனை நீட்டிப் பிடித்தேன். அந்த வீட்டு மருமகள்கள் மாமனாரிடம் நேராகப் பேசுவதில்லை. முக்காடு போட்டுக்கொண்டு யாரையாவது நடுவில் வைத்துத்தான் பேசுவார்கள். இப்போது நடுவில் நான்.

"சரோஜ்பென், பாபுஜிகிட்ட ஒண்ணு கேளுங்க," என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "அந்தக் கட்டிலைக் குடுத்தவங்க முழுசாக் குடுத்தாங்களா, பாதிதான் குடுத்தாங்களா?"

பிராகஜிபாய் என்னைப் பார்த்து, "முழுசாத்தான்னு சொல்லுங்க," என்றார்.

இந்த முறை அவள் என்னைக் கூப்பிடவில்லை, நேராகவே பேசினாள்.

"பாபுஜி, முழுசாக் குடுத்துட்டா அது உங்களுது இல்ல. அதுல யார் படுக்கணும், யார் படுக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு? டாக்டர், நான் அவனோட அம்மா. சொல்றேன், படுக்க வைங்க."

டாக்டர் அதற்கு மேல் ஒரு நொடி நிற்கவில்லை. பிராகஜிபாய் யாரோ ஒரு புண்ணியவானின் பெயர் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார்.

மறுநாள் உள்ளே வந்து குழந்தையின் காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு இருக்கே, உயிர் இருக்கா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டார்.

பையன் பிழைத்தான். இப்போது ஒன்றரை வயது. நடக்கிறான், திட்டினால் திருப்பித் திட்டுகிறான். இடது கை மட்டும் எதையும் பிடிப்பதில்லை. கட்டில் இல்லாவிட்டால் தலையே நின்றிருக்காது என்கிறார் டாக்டர். பேச்சில் போன அந்த ஒரு மணி நேரம் போகாமல் இருந்தால் கையும் தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாதாம். ஜாக்ருதி இப்போது மாமனாரிடம் நேராகவே பேசுகிறாள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

பரிசோதனைக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு அவர்தான் வருவார். போன வாரமும் வந்தார்.

"சரோஜ்பென், அந்த ஒரு மணி நேரம்..."

"டாக்டருக்கே தெரியல, சேட்."

"டாக்டரைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இருந்தாலும், "எனக்கும் தெரியாது," என்றேன். பையன் வலது கையால் அவர் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் அவனுடைய இடது கையை எடுத்துத் தன் மீசையில் வைத்தார். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார்.