புள்ளிக் குதிரையின் வலது பக்கம்

நுவரெலியா பந்தயத் திடலுக்குப் பின்னால் இரண்டு குதிரைகள் விலைக்கு நின்றன. ஒன்று மண்நிறக் கிழட்டுப் பெட்டை. மற்றது வெள்ளை உடம்பெல்லாம் கறுப்பும் காவியுமாய்ப் புள்ளி தெறித்தது. அதைக் கண்டதும் முத்துலிங்கத்துக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. சித்திரை சீசனுக்கு வருகிற பிள்ளைகள் எதில் ஏறணும் என்று அழும்? இதில்தானே!

"அந்தக் கெழடே போதுங்க. சாதுவா நிக்குது," என்றாள் அவன் மனைவி ராக்காயி.

"ஒனக்கென்ன தெரியும்? கம்முனு இரு."

மலையில் விழுந்து இடுப்புப் போனதிலிருந்து அவனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லை. ராகலையில் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஒரே கறவை மாட்டை விற்றுத்தான் இந்தக் குதிரை. ராக்காயி பறிக்கிற கொழுந்தில் குடும்பம் எத்தனை நாள் ஓடும்? இதுவும் தப்பினால் நடுத்தெருதான். அதனால் மனுசன் ஒன்றும் விடாமல் பார்த்தான். நெற்றியில் சுழி பார்த்தான், முதுகில் சுழி பார்த்தான், விலாவைத் தடவினான், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தான். முப்பது வருசமாக அவன் சுழி பார்த்து வாங்கிய மாடு ஒன்றுகூடச் சோடை போனதில்லை. கட்டின இடத்தில் நின்று பால் கறக்கிற மாட்டுக்குக் கண் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? கண்ணைப் பார்க்கணும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பத்தாம் நாள் ராக்காயி புல்லுக்கட்டோடு அதன் வலது பக்கமாகப் போனாள். குதிரை மிரண்டு துள்ளி அவளைச் சுவரோடு அடித்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதத்துக்குக் கொழுந்தில் கை வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் முத்துலிங்கம் குதிரையின் வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினான். இமை அசையவில்லை. உள்ளே பால் படர்ந்த மாதிரி ஒரு வெள்ளை. விற்றவனைத் திட்டினான், தன்னையே திட்டினான், கடைசியில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"புள்ளைங்கள ஏத்தாதீங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

"அப்ப எதத் திங்கிறது? சொல்லு."



சண்டை நின்று வடக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. சீசன் தொடங்கிய அன்று ஏரிக்கரையில் யாழ்ப்பாணத்து ஆட்களும் நிறைய. மற்றக் குதிரைகளை ஏறெடுத்தும் பாராமல் ஒரு சிறுமி நேரே புள்ளிக் குதிரையிடம் ஓடி வந்தாள். ஐந்தாறு வயதிருக்கும். கையில் மஞ்சள் பலூன். அவளுடைய தாய் குணபூசணி டீச்சர் மூச்சுவாங்கப் பின்னால் வந்தாள்.

"நிரூபா, நில்லு பிள்ளை! இதிலதான் ஏறுவன் எண்டு ஒரே அடம். ஒண்டும் செய்யாதுதானே?"

ராக்காயி கட்டுப்போட்ட கையோடு வேலியோரம் நின்றாள். முத்துலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ரொம்ப சாதுங்க. கொழந்த மாதிரி."

"உங்களை நம்பித்தான் விடுறன், என்ன."

பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தான். வலது பக்கமாகவே ஒட்டி நடந்தான். கடவுளே, இந்த ஒரு சுற்று, இந்த ஒரு சுற்று என்று மனசு அடித்துக்கொண்டது. பத்தடி போயிருப்பார்கள். நிரூபா தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தாய்க்கு டாட்டா காட்ட இடது கை வேண்டியிருந்தது. பலூனை வலது கைக்கு மாற்றினாள். காற்றில் அது குதிரையின் வலது கன்னத்துக்குப் பக்கமாக இறங்கி வந்தது. குதிரையின் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது.